லெப் என்றால் ரத்தம்

தார்த்து
28 மார்ச் 1993

திரு. எண்டெல் மோக்ஸ் அவர்களுக்கு,

இந்தக் கையெழுத்து உங்களுக்கு அடையாளம் தெரியாது. சைபீரியாவில் உறைபனி என் வலது கையில் இரண்டு விரல்களைத் தின்றுவிட்டது; அதன்பின் என் எழுத்து வேறு யாருடைய எழுத்தோ போலாகிவிட்டது. எனவே பெயரைச் சொல்லிவிடுகிறேன். நான் அஸ்தா ரவுத்சிக். லெப்பசாலு பண்ணையின் மகள்.

நீங்கள் குடியிருக்கும் வீடும், அதைச் சேர்ந்த நிலமும், ஓடைக்கரை லெப் மரத் தோப்பும், பறித்த சொத்தைத் திருப்பித் தரும் புதுச் சட்டப்படி எங்கள் குடும்பத்துக்கே திரும்பத் தரப்படுகின்றன என்று ஊராட்சியில் முடிவாகிவிட்டது. உங்களுக்கும் தகவல் வந்திருக்கும். ஜூன் மாத ஜான் திருநாளுக்குள் வீட்டைக் காலி செய்துவிடுங்கள். அன்று அந்த முற்றத்தில் திருநாள் நெருப்பை நான்தான் மூட்டுவேன்.

என் அம்மா முதல் குளிர்காலத்தையே தாண்டவில்லை. ஓம்ஸ்க் பக்கத்துப் பொட்டல்வெளியில் புதைத்தோம். ஒரு மரம்கூட இல்லாத இடம். என் தம்பி ஊலோ அங்கேயே தங்கிவிட்டான். இப்போது அவனுக்கு ரஷ்யப் பெயர், யூரா. நம் மொழியில் எழுதினால் அவனுக்குப் படிக்க வராது.

நாற்பத்து நான்கு ஆண்டுகளுக்கு முன், எங்களைச் சைபீரியாவுக்கு நாடுகடத்த ராணுவ வண்டிகள் வந்த அன்று நாங்கள் மூன்று பேரும் அந்தத் தோப்புக்குள் பனியில் குப்புறப் படுத்திருந்தோம். நாங்கள் அங்கே ஒளிவோம் என்று உலகத்தில் ஒரே ஒருவருக்குத்தான் தெரியும். நீங்களும் நானும் சந்தித்துக்கொண்ட இடம் அது. நான் தலையைத் தூக்கிப் பார்த்தேன். நீங்கள் முன்னால் வந்தீர்கள். துப்பாக்கிகள் உங்களுக்குப் பின்னால் வந்தன. உங்கள் கை எங்கள் பக்கம் நீண்டது. அடுத்த ஆண்டே எங்கள் வீட்டில் குடியேறினீர்கள்.

இத்தனை ஆண்டுகள் உங்கள் சாவுச் செய்தி வந்துவிடக்கூடாதே என்று வேண்டிக்கொண்டிருந்தேன். நீங்கள் உயிரோடு இருக்க வேண்டும். பெட்டியைத் தூக்கிக்கொண்டு அந்தப் படியிறங்குவதை நான் நின்று பார்க்க வேண்டும்.

அஸ்தா ரவுத்சிக்

---

லெப்பசாலு
9 ஏப்ரல் 1993

அஸ்தா,

'திரு' எல்லாம் எனக்கு எதற்கு? என்னை அப்படிக் கூப்பிடுகிறவர் வரி கேட்டு வரும் ஆள் ஒருவர்தான். நீயும் அந்தக் கூட்டத்தில் சேராதே.

ஊராட்சித் தாள் வந்தது. சட்டம் உன் பக்கம். நான் சண்டைக்கு வரவில்லை. ஆனால் நீ எந்த வீட்டைக் கேட்கிறாய் என்று தெரிந்துகொண்டு கேள். நீ விட்டுப்போன கூரை எப்போதோ போய்விட்டது. இது நான் வேய்ந்தது. அடுப்பு நான் கட்டியது. உன் அப்பா உழுத வயலில் பாதி இப்போது வயலே இல்லை. கூட்டுப் பண்ணை படுத்ததும் உழ ஆளில்லை. ஓடைக்கரையிலிருந்து லெப் கன்றுகள் கிளம்பி வந்து நிலத்தைப் பிடித்துக்கொண்டன. ஒன்றை வெட்டினால் வேரிலிருந்து ஐந்து வருகிறது. நீ வந்து கோதுமை போடலாம் என்று கனவு கண்டால், முதலில் நல்ல கோடாலி ஒன்று வாங்கிக்கொண்டு வா.

இன்னொன்று. என் மனைவி லெய்தாவை உனக்கு நினைவிருக்கும், பால் பண்ணையில் இருந்தவள். போன ஆண்டு பக்கவாதம் வந்து இடுப்புக்குக் கீழே போய்விட்டது. பேச்சு மட்டும் பழையபடி இருக்கிறது. சமையலறை ஜன்னலோரம் நாற்காலியில் உட்கார்ந்திருப்பாள். அவளை நகர்த்த முடியாது. அவள் காலம் முடியும்வரை விடு. பிறகு நான் எந்த மூலைக்கும் போகிறேன்.

நீ சொன்ன அந்த நாளைப் பற்றி: கை நீட்டியது உண்மை. தோப்புக்கு அப்பால் என்ன இருக்கிறது என்று யோசித்துப் பார். இடிந்த மாவு ஆலை. சிப்பாய்களை ஆலைக்குக் கூட்டிப்போய்ச் சுற்றவிடலாம் என்று நினைத்தேன். நீ நம்பமாட்டாய். நம்பு என்று நான் கெஞ்சப்போவதும் இல்லை.

நம் பண்ணைக்கு லெப்பசாலு என்று ஏன் பெயர் வந்தது தெரியுமா? என் அப்பா சொல்வார். உங்கள் முன்னோர் இரண்டு பேர், அண்ணனும் தம்பியும், ஓடைத் தண்ணீருக்காக மண்டையை உடைத்துக்கொண்டார்களாம். கடைசியில் அந்தக் கரையிலேயே உட்கார்ந்து சமாதானமானார்களாம். சமாதானமாவதற்கு நம் மொழியில் 'லெப்பிமா' என்கிறோமே, அதிலிருந்துதான் மரத்துக்கும் 'லெப்' என்று பெயராம். சமாதான மரம். அந்தத் தோப்பின் பிள்ளை நீ. கொஞ்சம் யோசி.

லெப் புகையில் வாட்டிய ஏரி மீன் இரண்டு இத்துடன் அனுப்புகிறேன். முள் பார்த்துச் சாப்பிடு.

எண்டெல்

---

தார்த்து
20 ஏப்ரல் 1993

எண்டெல்,

சரி, 'திரு' வேண்டாம். மரியாதை எனக்கும் பாரமாகத்தான் இருந்தது.

மீனைக் கீழ்வீட்டுப் பூனைக்குப் போட்டேன். பூனைக்குப் பிடித்திருந்தது.

மனைவிக்கு நடக்க முடியவில்லை என்கிறாய். என் அம்மாவால் நடக்க முடிந்ததா என்று அந்தச் சிப்பாய்கள் கேட்டார்களா? வண்டியில் ஏற்றும்போது அவளுக்குக் காய்ச்சல். "ஏறு கெழவி, ஏறு" என்று பின்னாலிருந்து தள்ளினார்கள். அவளுக்கு அப்போது நாற்பத்து மூன்று வயது. கெழவியாம்.

உன் சமாதான மரக் கதையை எதிர்வீட்டு மொழி வாத்தியாரிடம் சொன்னேன். பல்கலைக்கழகத்தில் வார்த்தைகளைத் தோண்டியே வயதானவர். சிரித்துவிட்டார். "ரெண்டு வார்த்தையும் ஒரே மாதிரி காதுல விழுது, அவ்வளவுதாம்மா. கூடப் பொறந்ததுன்னு சொல்ல ஆதாரம் கெடையாது" என்றார். பிறகு அவர் சொன்னதை உனக்குத் தருகிறேன், மீனுக்குப் பதிலாக வைத்துக்கொள்.

கடலுக்கு அக்கரையில் பின்லாந்துக்காரர்களும் இந்த மரத்தை ஏறக்குறைய இப்படித்தான் கூப்பிடுகிறார்கள். அவர்களுடைய பழைய பேச்சில் அதே சொல்லுக்கு ரத்தம் என்றும் பொருள். வேட்டையில் அடித்த மிருகத்தின் ரத்தத்தை நேராகச் சொல்லக் கூசி, மரத்தின் பெயரால் சொல்வார்களாம். முதுகு சிவந்த அந்தப் பொட்டு வண்டுக்கு நாம் ஏன் லெப் பெயர் வைத்திருக்கிறோம்? நிறத்தால்தான். ஜெர்மன்காரர் எர்லெ என்பதும், ஆங்கிலேயர் ஆல்டர் என்பதும்கூடச் செம்பழுப்பைக் குறித்த ஏதோ ஓர் ஆதிச் சொல்லிலிருந்து வந்தவையாம். பார், எத்தனை நாட்டுக்காரர் கண்ணுக்கும் அந்த மரம் ஒரே மாதிரிதான் பட்டிருக்கிறது. வெட்டினால் வெளுப்பாக இருக்கும். திரும்பிப் பார்ப்பதற்குள் சிவந்துவிடும்.

லெப் என்றால் ரத்தம், எண்டெல். உன் அப்பா சொன்னது தவறு. அல்லது நீ சொல்வது பொய்.

மே மாதம் சர்வேயருடன் வருகிறேன். எல்லையைக் குறித்ததும் முதல் வேலையாக அந்தத் தோப்பை வேரோடு எடுக்கச் சொல்லப்போகிறேன். என் அம்மா கடைசியாகப் பார்த்த மரங்கள் அவை. அவற்றின் நிழலில் நீ உட்கார்ந்து மீன் வாட்டுவது போதும்.

அஸ்தா

---

லெப்பசாலு
1 மே 1993

அஸ்தா,

வீட்டை எடுத்துக்கொள். நிலத்தை எடுத்துக்கொள். நான் கட்டிய அடுப்பையும் எடுத்துக்கொள். தோப்பைத் தொடாதே.

கெஞ்சிக் கேட்கவில்லை. சொல்கிறேன். லெய்தாவின் கண் மூடும்வரை அந்த மரங்கள் அங்கேதான் நிற்கும். ரம்பத்தோடு யாராவது ஓடையைத் தாண்டினால் என் கையில் என்ன இருக்கும் என்று எனக்கே தெரியாது.

சர்வேயரை வேண்டுமானால் கூட்டி வா. நாயைக் கட்டிவைக்கிறேன்.

எண்டெல்

---

தார்த்து
23 மே 1993

எண்டெல்,

நான் வந்துபோனதிலிருந்து பேனாவை எடுப்பதும் வைப்பதுமாக இருக்கிறேன். உன்னிடம் நேரில் சொல்லியிருக்கலாம். நீ சர்வேயரோடு கம்பு நட்டுக்கொண்டு சேற்றில் நின்றாய். முகத்தைப் பார்த்து என்னால் சொல்ல முடியவில்லை.

நீங்கள் இருவரும் எல்லை அளக்கப் போனதும் நான் சமையலறைக்குள் போனேன். லெய்தா ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். என்னைக் கண்டதும் அழவில்லை, திடுக்கிடவும் இல்லை.

"வாடி அஸ்தா. கெழவியாயிட்டியே" என்றாள்.

"நீ மட்டும் கொமரியாவா இருக்கே?" என்றேன்.

"ஒக்காரு. காப்பி வச்சுத் தர முடியாது. ஒனக்கே கை இருக்கில்ல, வச்சுக்க."

வைத்துக்கொண்டேன். அம்மா தட்டுகள் வைக்கும் இடத்திலேயே நீங்களும் தட்டுகள் வைத்திருக்கிறீர்கள். கை தானாக அங்கே போய்விட்டது. அதற்காகவே இன்னொரு முறை உங்களை வெறுத்தேன். ஜன்னலில் திரை இல்லை. தோப்பு முழுவதும் உள்ளே வந்து உட்கார்ந்திருப்பது போல இருந்தது. "கண்ணு கூசலியா?" என்றேன். "அவன் திரை போட விடமாட்டான்" என்றாள்.

திடீரென்று, "நீ இத்தன வருசமா அவனத்தான வையுற? அவன் இல்லடி" என்றாள்.

கோப்பையைக் கீழே வைத்தேன்.

"நான் பால் கேனைத் தூக்கிட்டு வந்துட்டிருந்தேன். வண்டி நின்னுச்சு. ரவுத்சிக் வீட்டுல ஆளக் காணோமேன்னு கேட்டானுக. நான் வாயத் தொறக்கலடி. கைய மட்டும்தான் நீட்டுனேன். நீங்க ரெண்டு பேரும் தோப்புக்குள்ள போறத முன்னாடியே நான் ஒளிஞ்சு பாத்திருக்கேன். நீ போயிட்டா அவன் எனக்குன்னு நெனச்சேன். ஒன்ன மட்டும்தான் கூட்டிட்டுப் போவாங்கன்னு நெனச்சேன். ஒங்கம்மாவும் அந்தப் பயலும் கூட இருப்பாங்கன்னு எனக்கு எப்படித் தெரியும்?"

"அவனுக்குத் தெரியுமா?" என்று கேட்டேன்.

என் கையைப் பிடித்துக்கொண்டாள். "தெரியாது. ஒங்கிட்டச் சொல்லாம சாகக் கூடாதுன்னு சொல்லிட்டேன். ஆனா அவங்கிட்டச் சொல்லிடாதடி. எனக்குன்னு மிச்சம் இருக்கறது அவன் ஒருத்தன்தான். ஒன்னக் கும்புடறேன்."

கையை உருவிக்கொண்டு வெளியே வந்துவிட்டேன்.

இப்போது சொல்கிறேன், எண்டெல். அவள் கும்பிட்டுக் கேட்டதைத்தான் செய்கிறேன், தலைகீழாக. உன் வீட்டில், உன் பக்கத்தில், உன் தட்டில் சாப்பிட்டுக்கொண்டிருப்பவள்தான் எங்களைக் காட்டிக்கொடுத்தவள். அவளிடம் மிச்சமிருப்பது நீ ஒருவன் என்றால் அதையும் எடுத்துக்கொள்கிறேன். எங்களிடம் அவள் எதையும் மிச்சம் வைக்கவில்லை.

உன்னை இத்தனை காலம் வெறுத்தது வீண் என்று தெரிகிறது. அதற்கு என்ன எழுதுவது என்று தெரியவில்லை. ஜான் திருநாள் கெடுவை மறந்துவிடு. நீ இருக்கலாம்.

அவளை என்ன செய்வது என்பதை நீ முடிவு செய்.

அஸ்தா

---

லெப்பசாலு
30 மே 1993

அஸ்தா,

உன் கடிதத்தை அவள் எதிரிலேயே உட்கார்ந்து படித்தேன். "யாரு எழுதியிருக்கா?" என்றாள். "சர்வேயர்" என்றேன்.

எனக்குப் புதிதாக நீ ஒன்றும் சொல்லவில்லை. எனக்குத் தெரியும். அன்றைக்கே தெரியும்.

ஆலைக்குப் போகும் வழியைக் காட்டிக்கொண்டு நான் முன்னால் நடந்தேனே, அப்போது பின்னாலிருந்து ஒரு சிப்பாய் சிரித்தான். "சும்மா சுத்த விடாதடா தம்பி. அந்தப் பால்காரப் பொண்ணு எங்களுக்கு எப்பவோ காட்டிடுச்சு" என்றான். என்னைத் தள்ளிவிட்டு நேராகத் தோப்புக்குள் போனார்கள். உன் தம்பி கத்தினது இன்னும் என் காதில் இருக்கிறது.

அவளை நான் ஏன் கட்டிக்கொண்டேன் என்று நினைக்கிறாய்? ஊரில் வேறு பெண் இல்லையா? அவளை அடித்திருந்தால் ஒரு நாளில் ஆறிவிடும். வெளியில் சொல்லியிருந்தால் அந்தக் காலத்தில் அவளுக்குப் பரிசு கொடுத்திருப்பார்கள், எனக்குச் சிறை. எனவே வேறு வழி யோசித்தேன். டிராக்டர் ஓட்டுகிறவனுக்குச் சுடுதண்ணீர் வரும் புது வீடு ஊர் நடுவில் தருகிறோம் என்று கூட்டுப் பண்ணையில் சொன்னார்கள். வேண்டாம் என்றேன். லெப்பசாலுதான் வேண்டும் என்று அடம்பிடித்து வாங்கினேன். சமையலறை ஜன்னல் அந்தத் தோப்பைப் பார்த்திருக்கும் வீடு இது ஒன்றுதானே.

அவள் திரை தைத்தாள், கழற்றி எறிந்தேன். மேசையை வேறு பக்கம் நகர்த்தினாள், திரும்ப ஜன்னலடியில் போட்டேன். மாவு பிசைந்தாலும் உருளைக்கிழங்கு உரித்தாலும் அவள் நிமிர்ந்தால் தோப்பு. ஒவ்வோர் இலையுதிர்காலத்திலும் அங்கே ஒரு மரம் அறுப்பேன். துண்டுகளை அவள் பார்வையில் படும்படி சுவரோரம் அடுக்குவேன், வெட்டு முகம் ஜன்னலைப் பார்த்திருக்கும்படி. அவளைக் கூப்பிட்டு, "பாத்தியா, செவந்துடுச்சு" என்பேன். அவ்வளவுதான். வேறு ஒரு வார்த்தை சொன்னதில்லை, கை ஓங்கினதில்லை. லெப் என்றால் என்ன என்று உன் வாத்தியார் சொல்லித்தான் எனக்குத் தெரிய வேண்டுமா? சமாதான மரம் என்று உனக்கு எழுதியது வீட்டைக் காப்பாற்றிக்கொள்ள. அவளை இந்த ஜன்னலிலிருந்து யாரும் எழுப்பிவிடக் கூடாது என்பதற்காக.

எனக்கு விஷயம் தெரியாது என்பதுபோல் அவள் உன்னிடம் நடித்திருக்கிறாள். எனக்குத் தெரியும் என்பது அவளுக்கு நன்றாகத் தெரியும். இல்லாவிட்டால் இத்தனை ஆண்டுகள் ஒரு கேள்வி கேட்காமல் யாராவது இருப்பார்களா?

நீ பொட்டல்வெளியில் கிடந்தாய். உனக்காக இங்கே ஒருவன் இதைச் செய்துகொண்டிருந்தான். ஒருநாள்கூட விடவில்லை. உன் அம்மாவுக்காக, உனக்காக. நீ எனக்கு நன்றி சொல்ல வேண்டும், அஸ்தா. கெடுவைத் தள்ளிவைத்ததோடு நிறுத்தாதே. தோப்பும் நிற்கட்டும் என்று எழுது. இன்னும் கொஞ்ச நாள்தான் அவள் இருப்பாள்.

எண்டெல்

---

தார்த்து
8 ஜூன் 1993

எண்டெல்,

நீ வெளியே போ. அவள் இருக்கட்டும்.

உன் கடிதத்தைப் படித்துவிட்டு நான் முதலில் மகிழ்ந்தேன் என்பதை எழுதாவிட்டால் பொய்யாகும். ஜன்னலடியில் அவள் உருளைக்கிழங்கு உரிப்பதையும் நிமிர்வதையும் நினைத்துப் பார்த்து அடுப்படியில் நின்றபடியே சிரித்தேன். நல்லா வேணும்டி உனக்கு என்று சத்தமாகச் சொன்னேன். அந்த மகிழ்ச்சி காப்பி ஆறுவதற்குள் போய்விட்டது.

எங்கள் மூன்று பேருக்கும் நடந்ததை நீ எடுத்து உன் வீட்டுச் சாமானாக்கிக்கொண்டாய். என் அம்மாவைச் சுவரோரம் அடுக்கிவைத்தாய். யாரைக் கேட்டுச் செய்தாய்? அந்தக் கோபம் என்னுடையது. அங்கே, மண்ணைத் தோண்ட முடியாத குளிரில், நெருப்பு மூட்டி நிலத்தை இளக்கி அம்மாவைப் புதைத்தவள் நான். பழி தீர்ப்பதா, விடுவதா என்று முடிவு செய்யும் உரிமை எனக்கு மட்டும்தான் இருந்தது. நான் இல்லாதபோது அதையும் நீ குடியேறி எடுத்துக்கொண்டாய், வீட்டைப் போலவே.

ஒரு வரி எழுதினாயா எனக்கு? "நான் காட்டிக்கொடுக்கவில்லை" என்று ஒரே ஒரு வரி? விலாசம் கேட்டால் கிடைத்திருக்கும். அந்த ஒரு வரி வந்திருந்தால் நான் வேறு மனுஷியாக இருந்திருப்பேன். ஆனால் உனக்கு என்னைவிட அவள் தேவைப்பட்டாள். தண்டிக்க ஆள் வேண்டுமே.

அவள் ஒரு பொழுதில், பொறாமையில், கையை நீட்டினாள். அதை நான் மன்னிக்கவில்லை, மன்னிக்கப்போவதும் இல்லை. நீ ஒவ்வொரு நாளும் காலையில் எழுந்து, முகம் கழுவி, ரொட்டி சாப்பிட்டு, பிறகு உட்கார்ந்து நிதானமாகச் செய்தாய். என் பெயரைச் சொல்லிச் செய்தாய்.

வீடு என்னுடையது. யார் இருப்பது என்பதை நான் சொல்வேன். ஜான் திருநாளுக்கு முதல் நாள் வருகிறேன். அதற்குள் கிளம்பிவிடு. லெய்தாவை நான் பார்த்துக்கொள்கிறேன். என்ன செய்வேன் என்று எனக்கே தெரியாது. ஆனால் அது உன் கையில் இருக்காது.

அஸ்தா

---

கூட்டுப் பண்ணைப் பழைய விடுதி
12 செப்டம்பர் 1993

அஸ்தா,

நீ வாசலில் நின்று பார்த்தாயே, ஆசை தீர்ந்ததா? பெட்டியின் கைப்பிடி வேறு பிய்ந்துகொண்டது. நீ சிரிப்பாய் என்று எதிர்பார்த்தேன். சிரிக்கவில்லை. அதுதான் எனக்கு இன்னும் எரிச்சல்.

இங்கே கூரை ஒழுகுகிறது. பக்கத்து அறைக்காரன் விடாமல் அக்கார்டியன் வாசிக்கிறான், அதுவும் தப்பாக. நீ சந்தோஷப்படு.

கடைக்காரி சொன்னாள், லெப்பசாலுவில் ரம்பச் சத்தம் கேட்டதென்று. பாதித் தோப்பு விழுந்துவிட்டதாம், பிறகு நின்றுவிட்டதாம். ஏன் வெட்டினாய் என்று கேட்கவில்லை. ஏன் நிறுத்தினாய்?

அவளை நீ சக்கர நாற்காலியில் வைத்து முற்றத்தில் தள்ளிக்கொண்டு போவதைப் பார்த்ததாகவும் சொன்னாள். உன் அம்மாவைக் கொன்றவளுக்கு ஊழியம் செய்கிறாய். வெட்கமாக இல்லையா? நான் செய்ததில் நியாயம் இருந்தது. நீ செய்வதற்குப் பெயர் என்ன?

அவள் என்னைப் பற்றிக் கேட்கிறாளா? ஆமாம், இல்லை என்று மட்டும் எழுது.

எண்டெல்

---

லெப்பசாலு
14 நவம்பர் 1993

எண்டெல்,

லெய்தா போன வாரம் போய்விட்டாள். இரண்டாவது முறை பக்கவாதம் வந்தது, பிறகு நினைவு திரும்பவில்லை. கல்லறைக்கு நீ வந்ததைப் பார்த்தேன். பைன் மரத்துக்கு அந்தப் பக்கமே நின்றுவிட்டுப் போனாய். கூப்பிட நினைத்தேன், கூப்பிடவில்லை.

உன் கடிதத்துக்கு நான் பதில் எழுதாததற்குக் காரணம், பதில் எழுதினால் அவள் உயிரோடு இருக்கும்போதே நீ ஓடி வந்துவிடுவாய் என்பதுதான். அதைத் தர எனக்கு மனமில்லை. இப்போது எழுதுகிறேன். நீ கேட்டவற்றுக்கெல்லாம் பதில் இருக்கிறது.

ஊழியத்துக்கு என்ன பெயர் என்று எனக்கும் தெரியாது. வந்த முதல் வாரம் அவளோடு ஒரு வார்த்தை பேசவில்லை. தலை வாரிவிடுவேன், சூப் கொடுப்பேன், அழுக்கெடுப்பேன். என் கை அவள் மேல் படும்போதெல்லாம் அவள் சுருங்குவாள். அது எனக்குப் பிடித்திருந்தது. நல்லவள் ஆகிவிட்டேன் என்று நினைக்காதே.

ஆகஸ்டில் ஆட்களைக் கூட்டி வந்து தோப்பை வெட்ட ஆரம்பித்தேன். பாதி விழுந்தபோது உள்ளேயிருந்து லெய்தா கத்தினாள். ஓடிப் போனேன். ஜன்னல் கண்ணாடியில் கையை வைத்து அடித்துக்கொண்டிருந்தாள்.

"நிறுத்தச் சொல்லுடி! எல்லாத்தையும் வெட்டிட்டா அவன் வந்து எதப் பாப்பான்?"

"யாரு?"

"எண்டெல்தான். வேற யாரு? அவன் ஒன்னப் பாக்குற எடம்டி அது."

எனக்கு விளங்கவில்லை. அவளே சொன்னாள், நான் எழுதுகிறேன், நிதானமாகப் படி.

"கல்யாணமாகி வந்த நாள்லருந்து பாக்கறேன். சுடுதண்ணி வீட்ட வேணாம்னுட்டு இங்கதான் வந்தான். ஏன்? நீ பொறந்த வீடு. திரை போட விடமாட்டான். ஏன்? தோப்பு மறஞ்சுடுமே. வருசம் ஒரு மரம் வெட்டி, அத ஒடனே எரிக்கக்கூட மாட்டான். எதுக்க அடுக்கி வச்சு, 'பாத்தியா, செவந்துடுச்சு'ம்பான். எனக்குத் தெரியாதா? ஒன் தலமுடி அந்த நெறம்தானடி அப்போ. எங்கிட்ட அவன் ஒரு நாளும் கோவப்பட்டதில்ல, ஒரு நாளும் சிரிச்சதுமில்ல. மனசு பூரா ஒங்கிட்ட இருந்துச்சு. நான் செஞ்ச வேலைக்கு அது எனக்குச் சரிதான்னு இருந்துட்டேன். ஆனா இப்படி ஒருத்தன் ஒருத்திய நெனைக்க முடியுமான்னு ஆச்சரியமாவும் இருக்கும். பக்கத்துல ஒக்காந்து பாத்துக்கிட்டே இருப்பேன்."

புரிகிறதா, எண்டெல்? அவளுக்குத் தெரியும் என்று எழுதினாயே, அவளுக்கு ஒன்றுமே தெரியாது. உன் பழியை அவள் காதல் என்று எடுத்துக்கொண்டாள். எனக்கான காதல் என்று. நீ ஆயுள் முழுவதும் ஊற்றின விஷத்தை அவள் பக்கத்திலிருந்து பார்த்து ஆச்சரியப்பட்டிருக்கிறாள். உன்னை ரொம்ப உயர்ந்தவன் என்று நினைத்திருக்கிறாள்.

உண்மையைச் சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். "அவன் என்னை நெனைக்கல, ஒன்னத்தான் வெறுத்தான்" என்று சொன்னால் அவளுக்கு அதிகம் வலிக்குமா, சொல்லாமல் விட்டால் அதிகம் வலிக்குமா என்று யோசித்துப் பார்த்தேன். தெரியவில்லை. அவள் முகத்தைப் பார்த்தேன். போய் ஆட்களை நிறுத்தச் சொன்னேன். அதன்பின் அதைப் பற்றிப் பேசவே இல்லை.

உன்னைப் பற்றிக் கேட்டாளா? ஒவ்வொரு நாளும் கேட்டாள். அந்த விடுதியில் சூடு இருக்கிறதா, சட்டை யார் துவைக்கிறார்கள் என்று கேட்டாள். "அவனக் கூப்புடுடி, நான் போனப்புறமாவது நீங்க ரெண்டு பேரும் சேந்து இருங்க" என்றாள். உன் மனைவி எனக்கு உன்னைத் தந்துவிட்டுப் போயிருக்கிறாள். வாங்கிக்கொள்ள எனக்கு விருப்பமில்லை.

ஊராட்சியில் போய் வேலையை முடித்துவிட்டேன். வீடும் நிலமும் மிச்சத் தோப்பும் உன் பெயருக்கு எழுதியாகிவிட்டது. இதை மன்னிப்பு என்று யாரிடமும் சொல்லிக்கொண்டு திரியாதே. விடுதியில் கூரை ஒழுகுகிறது என்று எழுதினாய். இங்கே ஒழுகாது, நீ வேய்ந்த கூரை. அடுப்பும் நன்றாக எரிகிறது. நாய்க்குச் சாப்பாடு வைத்திருக்கிறேன். சாவி கடைக்காரியிடம் இருக்கிறது.

நான் நாளைக் காலைப் பேருந்தில் தார்த்துவுக்குப் போகிறேன். இனி இந்தப் பக்கம் வரமாட்டேன். எழுதாதே, எழுதினாலும் பிரிக்கமாட்டேன்.

அவள் நாற்காலியை ஜன்னலோரம் அவள் உட்கார்ந்திருந்த இடத்திலேயே விட்டிருக்கிறேன். இனிமேல் நீ அதில் உட்கார்.

அஸ்தா